பின் இடது

ரூம் சைஸ் என்ன சார், என்றான் கடைப் பையன்.
பத்துக்குப் பதினொன்று.
அது ஹாலா, பெட்ரூமா?
ஆமாம், என்றேன்.

ப்ரொஜக்டர்தான் முதல் ஆசை.
சுவர் ஒத்துழைக்கவில்லை.
தண்டையார்பேட்டைச் சுவர், கடல் காற்றைக் குடித்து
வருஷா வருஷம் உப்புப் பூக்கிற சாதி.
இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்த அன்று
கதாநாயகி கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு.
கில்டா சிரித்த சிரிப்பில்
அடுப்பில் இட்லிப் பானை தண்ணீர் வற்றிக் கருகியது.
சரி, டிவியே போதும், நாற்பத்து மூன்று இன்ச்.
மிச்சக் காசு முழுக்கச் சத்தத்துக்கு.

ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரும் பெட்டி.
பர்மா பஜாரில் பழைய ஆம்ப்ளிஃபயர்,
ஒரு திருகு மட்டும் வேறு நிறம்.
விலையை இங்கே எழுத முடியாது,
கில்டா இதைப் படிப்பாள்.
ஒயர் மட்டும் புதுசு. செம்பு.
ஆறு மாசத்தில் பச்சை பிடிக்கும், அது தெரிந்ததுதான்.

கூட வந்த புத்தகத்தில் ஒரு படம்:
நடுவில் சோபா, சோபாவில் ஒரு ஆள்,
தலை வட்டம், காது இரண்டும் சமம்,
அவனைச் சுற்றி அளந்து வைத்த கோணங்கள்.
என் வீட்டில்
முன் வலது பீரோ மேல்.
முன் இடது தையல் மெஷின் மேல்.
நடுப்பெட்டிக்கு இடம் விட்டு
மாதா ஒரு சாண் மேலே ஏறினாள்.
பின் வலது இருக்கவேண்டிய இடத்தில் வாசல்;
கதவுக்கு மேல் ஆணி அடித்து மாட்டினேன்,
இனி யார் உள்ளே வந்தாலும்
தலைக்கு மேல் குதிரை ஓடும்.
பின் இடது மட்டும் அச்சாகப் படத்தில் உள்ளபடி,
நசீமா வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரில்.

போய்ச் சொன்னேன்.
"போடுங்கண்ணா, கண்டெய்னர் லாரிக்கு ஆடாத சொவரா?
என்னா கதைன்னு மட்டும் காலைல சொல்லிடணும்.
குண்டு வெடிக்கிறது மட்டும் கேட்டா
செத்தது யாருன்னு தெரியாம தூக்கம் வராது."

ஒரு குட்டி மைக் கொடுத்திருந்தார்கள்.
உட்கார்ந்தவன் காது உயரத்தில் அதை நிறுத்தி
மூன்று நிமிஷம் வீடு அமைதியாக இருக்கவேண்டுமாம்.
துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுக் கட்டினேன்.
எட்டு மணிக்கு குக்கர்.
பத்துக்கு கொருக்குப்பேட்டை கூட்ஸ்.
பதினொன்றரைக்கு தண்ணி லாரி, பின்னாலேயே குடச்சண்டை.
ஒவ்வொரு தடவையும் திரையில்,
சத்தம் அதிகம், மறுபடி முயலவும்.
அதை எழுதினவன்
இந்தப் பக்கம் வந்ததில்லை.

இரண்டே முக்காலுக்கு வந்தது அமைதி.
ஃபேனை நிறுத்தினோம்.
கொசுவை அடிக்காமல்
கையை அதுக்கே கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள் கில்டா.
ஷ்ஷ்ஷ், முன் இடது, அடுத்த தெருவில் போல.
ஷ்ஷ்ஷ், நடு, மாதா காலடியில்.
முன் வலது.
பின் வலது, வாசலில் யாரோ செருப்பு கழற்றுவது மாதிரி.
அப்புறம் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு பெரும் பெட்டி தரையில் உருண்டது.

பதினெட்டு வருஷம் துறைமுகத்தில்,
கப்பல் வயிற்றுக்குள் துரு தட்டும் வேலை.
சுத்தியல் முதலில் தின்றது இடது காதை.
கடையில் சொல்லவில்லை.
ரூம் சைஸ்தான் கேட்டான்.

திரையில் பச்சை எழுத்து: அனைத்தும் சரி.
கேட்டுச்சா, என்றேன்.
தலையாட்டினாள். எதற்கும் அப்படித்தான் ஆட்டுவாள்.
எழுந்து போய்ச் சுவரில் கை வைத்தேன்.
அந்தப் பக்கமிருந்து
உள்ளங்கையில் இரண்டு தட்டு.
கொஞ்சம் விட்டு இன்னொன்று,
போதும் என்றா, இன்னொரு தரம் என்றா, தெரியவில்லை.

விடிந்தால் கதை கேட்பாள் நசீமா.
ஐந்து பேர் ஷ்ஷ் என்றார்கள், அவ்வளவுதான் கதை.
நாலு பேர் சொன்னது எனக்குக் கேட்டது.
மிச்சத்தை அவள்தான் எனக்குச் சொல்லவேண்டும்.